நாட்பட்ட கரப்பானும் நீடித்த சிகிச்சையும்

நெசவு செய்பவருக்கும் பயிர் செய்பவருக்கும் கைதான் முதல். தறி பழுதானால் சங்கத்தில் கடன் பெற்றுச் செப்பனிட்டுக்கொள்ளலாம். ஒரு போகம் பொய்த்தால் அடுத்த போகத்தை எதிர்பார்க்கலாம். ஆனால் உள்ளங்கை வெடித்து, விரலிடுக்கில் நீர் கசிந்து, இரவு முழுவதும் அரிப்பு நீங்காமற் போனால், அந்த முதலே கரையத் தொடங்குகிறது. அறுந்த இழையை முடிய வேண்டிய விரல் இழையைத் தொடவே அஞ்சுகிறது. களைக்கொட்டைப் பிடித்த கை அரை நாளிலேயே ஓய்ந்துவிடுகிறது. உறக்கம் கெடுவதால் மறுநாள் வேலையும் கெடுகிறது.

இத்தகைய உபத்திரவத்துக்கு ஆளானவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் செல்கிறார்கள். மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்குகிறார்கள். நான்கு நாளில் குணம் தெரிகிறது. விட்டதும் திரும்புகிறது. வேறொரு களிம்பு, பிறகு ஓர் ஊசி, பிறகு யாரோ சொன்ன எண்ணெய் என்று ஆண்டுகள் செல்கின்றன, பணமும் செல்கிறது. நோய் மட்டும் செல்வதில்லை. இந்நிலைக்குக் காரணம் மருந்து இல்லாமை அன்று. நெடுநாள் நோய்க்குக் குறுநாள் சிகிச்சையைச் செய்துகொள்வதே காரணம். ஆகவே நாட்பட்ட கரப்பானுக்கு நீடித்த சிகிச்சை என்பது யாது, அதை எவ்வாறு ஆராய்ந்து தேர்ந்துகொள்வது என்பதை அங்கத்தினர்களுக்கு இங்கே விளக்க விரும்புகிறோம். வைத்தியரின் இடத்தை இக்கட்டுரை எடுத்துக்கொள்ளாது. வைத்தியரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளவே இது உதவும்.

முதலில் நோய் இன்னதென்று நிச்சயித்தல்

அரிப்பு என்பது ஓர் அறிகுறியே. அதுவே நோயின் பெயர் ஆகாது. ஒன்றுக்கொன்று மாறான சிகிச்சை வேண்டும் பல நோய்கள் அரிப்பாகவே வெளிப்படுகின்றன.

சொறி சிரங்கு என்பது கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய பூச்சி தோலுக்குள் வளைதோண்டி முட்டையிடுவதால் வருவது. இரவில் அரிப்பு அதிகரித்தல், விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புள் ஆகிய இடங்களில் தடித்தல், வீட்டில் பலருக்கும் ஒரே காலத்தில் வருதல் ஆகியவை இதன் அடையாளங்கள். பெர்மெத்ரின் களிம்பை வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் கழுத்திலிருந்து பாதம் வரை பூசி, ஒரு வாரம் கழித்து மீண்டும் பூசினால் இது பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஒருவர் மட்டும் பூசினால் தீராது.

படர்தாமரை பூஞ்சையால் வருவது. வட்டமாகப் பரவி, ஓரம் சிவந்து, நடுப்பகுதி தெளிந்திருக்கும். கரப்பானுக்குரிய ஸ்டீராய்டு களிம்பை இதன்மேல் பூசினால் அரிப்பு தற்காலிகமாக அடங்கும். பூஞ்சையோ உள்ளே செழித்துப் பரவும். நம் நாட்டில் வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத ஒரு பூஞ்சை வகை பரவி, 2020-ம் ஆண்டில் அதற்கு 'டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே' என்று விஞ்ஞானிகள் பெயரிட்டார்கள். கலவைக் களிம்புகளின் தாறுமாறான உபயோகம் இந்தப் பரவலுக்குத் துணை செய்தது என்பது தோல் வைத்தியர்கள் பலரின் அபிப்பிராயம்.

செதில் செதிலாக உதிரும் சோரியாஸிஸும் உள்ளங்கையில் கரப்பானைப் போலவே தோன்றக்கூடும். தோலில் தடிப்பு ஒன்றுமின்றி உடல் முழுவதும் அரித்தால், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, நீரிழிவு, இரும்புச்சத்துக் குறைவு ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். வயது முதிர்ந்தவருக்குப் புதிதாகத் தொடங்கிய அரிப்பை அலட்சியம் செய்யலாகாது.

இவற்றையெல்லாம் விலக்கிய பின்னரே 'இது கரப்பான்' என்று கூற இயலும். ஒரு முறையேனும் அரசாங்க ஆஸ்பத்திரியின் தோல் நோய்ப் பிரிவில் காட்டி நோயை நிச்சயித்துக்கொள்வது, பின்னால் ஆகும் வீண் செலவு முழுவதையும் தடுக்கும்.

கரப்பான் உண்டாகும் விதம்

நெருக்கமாக அடித்து நெய்த துணியின்மேல் தெளித்த நீர் சிறிது நேரம் நிற்கும். இழை விலகிய துணியில் உடனே இறங்கிவிடும். நம் மேல்தோலும் அத்தகைய ஒரு நெருக்கமான நெசவே. அதன் இழைகளைக் கட்டி நிறுத்தும் பொருள்களுள் பிலாக்ரின் என்ற புரதம் முக்கியமானது. இதனை உண்டாக்கும் மரபணுவில் பழுதுள்ளவர்களுக்குக் கரப்பான் எளிதில் வருகிறது என்பதை 2006-ம் ஆண்டில் ஸ்காத்லாந்தின் டண்டீ நகர ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள்.

நெசவு தளர்ந்த தோலிலிருந்து உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுகிறது. வெளியிலுள்ள சோப்பு, தூசி, சாயம், கிருமி ஆகியவை உள்ளே புகுகின்றன. உடலின் தற்காப்புச் சக்தி இவற்றைப் பகையென்று கொண்டு இன்டர்லூகின் எனப்படும் பொருள்களைச் சுரக்கிறது. இவற்றுள் 4, 13 என்னும் எண்களைக் கொண்ட இரண்டும் தோலைச் சிவக்கச் செய்வதோடு, அரிப்பு நரம்புகளையும் தூண்டிவிடுகின்றன. அரித்ததும் சொறிகிறோம். சொறிந்ததும் தோல் மேலும் தளர்கிறது. தளர்ந்ததும் மேலும் அரிக்கிறது. இந்தச் சக்கரம் பல மாதங்கள் சுழன்றால் தோல் யானைத்தோல் போலத் தடித்துக் கறுத்துவிடும்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். முதலாவது, தோலின் இயல்பிலேயே உள்ள குறையை ஒரே தடவையில் நீக்கும் மருந்து இல்லை. 'வேரோடு களைகிறோம்' என்று விளம்பரம் செய்பவரை நம்ப வேண்டியதில்லை. இரண்டாவது, இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் கட்டுக்குள் வைப்பது போலவே இதனையும் கட்டுக்குள் வைத்து, தொழிலையும் உறக்கத்தையும் முழுமையாகப் பெறலாம். குழந்தைகள் பலருக்கு வயது ஏற ஏற இது தணிவதும் உண்டு.

தொழிலில் மறைந்திருக்கும் காரணங்கள்

பிறவியிலேயே இந்த இயல்பு இல்லாதவர்க்கும் தொழிலால் கரப்பான் வரலாம். ஜெர்மானிய நாட்டின் தொழிற் பாதுகாப்பு விதிகளின்படி, நாளொன்றுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தாலே அது தோலுக்குத் தீங்கு பயக்கும் வேலையாகும். நூலுக்குக் கஞ்சி போடுபவரும் சாயம் தோய்ப்பவரும் இந்த அளவை எளிதில் கடந்துவிடுவார்கள்.

சாயப் பட்டறையில் காஸ்டிக் சோடா, ஹைட்ரோஸ், சலவைத் தூள் ஆகியவை தோலை நேரடியாக அரிப்பவை. யாருடைய தோலானாலும் அளவு மிஞ்சினால் புண்ணாகும். நாப்தால் போன்ற சில சாயப் பொருள்கள் வேறு வகையில் தீங்கு செய்வன. பல காலம் ஒன்றும் செய்யாமலிருந்து, ஒருநாள் உடல் அவற்றுக்கு ஒவ்வாமை கொண்டுவிடும். அதன்பின் சிறிதளவு பட்டாலும் கரப்பான் கிளம்பும். சாயம் கலைவதற்காகக் கையைச் சலவைத் தூளில் கழுவிக்கொள்ளும் வழக்கம் சில இடங்களில் உண்டு. சாயத்தைவிட அக்கழுவலே அதிகம் கெடுக்கும்.

பயிர்த்தொழிலில் பூண்டு உரிப்பதால் விரல்நுனி வெடிப்பதும், முந்திரிக் கொட்டையின் எண்ணெயால் கை கொப்புளிப்பதும் பலரும் அறிந்தவை. இவற்றினும் கொடியது பார்த்தீனியம் என்னும் களை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இச்செடி 1950-களின் நடுவில் பூனா நகரில் கண்டறியப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவியது. இதன் பார்த்தினின் என்னும் பொருள் தூசியோடும் உலர்ந்த சருகோடும் காற்றில் கலந்து தோலில் படிகிறது. கண்ணிமை, முகம், கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் பருவந்தோறும் திரும்பத் திரும்பத் தோன்றும் கரப்பானுக்கு இது காரணமாக இருக்கலாம். இதன் இலையைத் தின்னும் ஒரு வண்டினத்தை மெக்ஸிகோவிலிருந்து கொணர்ந்து 1984-ம் ஆண்டில் பெங்களூர்ப் பக்கத்தில் விட்டார்கள். அது பல இடங்களில் செடியைக் கட்டுப்படுத்தினாலும், களை முற்றும் அழிந்தபாடில்லை.

எப்பொருளால் ஒவ்வாமை என்பதை அறிய ஒட்டுச் சோதனை என்ற முறை உண்டு. 1895-ம் ஆண்டில் ஜோசப் யாடஸ்ஸோன் என்ற வைத்தியர் இதை வெளியிட்டார். சந்தேகத்துக்குரிய பொருள்களைச் சிறிதளவு முதுகில் ஒட்டி, 2 நாள் கழித்து எடுத்து, அன்றும் 4-ம் நாளை ஒட்டியும் தோலைப் பார்ப்பார்கள். காரணப் பொருள் தெரிந்து அதை விலக்கிவிட்டால், ஆயுள் முழுவதும் உண்ண வேண்டிய மருந்தும் மிச்சமாகும். ஆகவே 'எந்த மருந்து?' என்று கேட்பதற்கு முன் 'ஒட்டுச் சோதனை வேண்டுமா?' என்று வைத்தியரைக் கேட்பது நன்று. வீட்டிலேயே இச்சோதனையைச் செய்துகொள்ளக் கூடாது, புண்ணாகிவிடும்.

அடித்தளமான சிகிச்சை

நீடித்த சிகிச்சையின் அடித்தளம் தோலுக்கு எண்ணெய்ப்பசையும் ஈரமும் ஊட்டுவதே. சுருக்கமாகக் குளித்து, உடம்பை ஒற்றித் துடைத்து, ஈரம் உலர்வதற்குள் பசைக்களிம்பைப் பூச வேண்டும். அரிப்பு இல்லாத நாளிலும் இதை விடலாகாது; கைக்கரப்பான் உள்ளவர்கள் ஒவ்வொரு கழுவலுக்குப் பின்னும் பூசிக்கொள்வது நலம்.

விலை உயர்ந்ததே சிறந்தது என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் 550 குழந்தைகளிடையே திரவம், கிரீம், ஜெல், கெட்டிக் களிம்பு என்னும் நான்கு வகைகளையும் ஒப்பிட்டு 2022-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். நான்கும் ஏறத்தாழ ஒரே பலனையே தந்தன. விடாமல் பூசத் தோதான வகை எதுவோ அதுவே சிறந்தது என்பது இதனால் விளங்கும். குளிக்கும் நீரில் கலக்கும் எண்ணெய்களை 2018-ம் ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வு பரிசோதித்தது. அவற்றால் கூடுதல் பலன் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. அந்தச் செலவை விட்டுவிடலாம்.

நம் தோப்பில் விளையும் தேங்காய் எண்ணெயைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டில் 117 குழந்தைகளுக்கு 8 வாரம் தூய தேங்காய் எண்ணெயையும் தாது எண்ணெயையும் தனித்தனியே பூசிப் பார்த்ததில், தேங்காய் எண்ணெய் அதிகப் பலன் தந்தது. சிறிய ஆய்வு ஆதலால் இதையே மருந்தென்று கொள்ளலாகாது. எனினும் இலேசான நிலையில் பசையூட்டுவதற்கு அது தகும். இங்கே ஓர் எச்சரிக்கை: எண்ணெயோ பாரபினோ ஊறிய துணியில் தீ விரைவில் பற்றும். அடுப்பின் அருகில் அத்துணியோடு நிற்க வேண்டாம்.

ஸ்டீராய்டு: நண்பனும் பகைவனும்

அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன்களை ஆராய்ந்த கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் ஆகிய மூவரும் 1950-ம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்கள். 1952-ம் ஆண்டில் ஸல்ஸ்பெர்கர், விட்டன் என்ற அமெரிக்க வைத்தியர்கள் ஹைட்ரோகார்ட்டிசோனைக் களிம்பாகப் பூசிக் கரப்பானுக்குப் பலன் கண்டார்கள். அன்று முதல் இன்று வரை, கிளர்ந்தெழுந்த கரப்பானை அடக்க முதலில் கையாளப்படுவது இவ்வகை மருந்தே.

ஸ்டீராய்டு களிம்புகள் அனைத்தும் ஒன்றல்ல. ஹைட்ரோகார்ட்டிசோன் மெல்லியது, க்ளோபெட்டசால் மிகவும் வலியது. உள்ளங்கையின் தடித்த தோலுக்கு ஏற்ற மருந்து முகத்தின் மெல்லிய தோலைக் கெடுத்துவிடும். வலிய மருந்தை முகத்திலும் தொடையிடுக்கிலும் பல மாதம் பூசினால் தோல் மெலிந்து, நரம்போட்டம் தெரிந்து, கோடு விழும். சிலருக்கு மருந்தை நிறுத்தியதும் முன்னிலும் கடுமையாகச் சிவந்து எரியும். இக்கேடுகளை முன்னிட்டே 2018-ம் ஆண்டில் இந்திய அரசாங்கம் 14 வகை ஸ்டீராய்டு மேற்பூச்சுகளை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாத அட்டவணையில் சேர்த்தது. சீட்டின்றிக் கிடைக்கிறது என்பதற்காக ஒரு களிம்பை வாங்குவது புத்திசாலித்தனம் அன்று.

அதற்காக ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டே அஞ்சுவதும் தவறு. பயத்தால் குறைவாகப் பூசி, நோயை அரைகுறையாக அடக்கி, மீண்டும் மீண்டும் கிளறவிடுவோர் பலர். அளவுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. குழாயிலிருந்து பிதுக்கிய மருந்து, வளர்ந்தவரின் ஆட்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை நீண்டிருந்தால் அது சுமார் அரை கிராம். இந்த ஒரு விரல்நுனி அளவு, விரல்களைச் சேர்த்த இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். ஒரு கையின் முன்புறமும் பின்புறமும் பூச ஒரு விரல்நுனி அளவு. ஒரு பாதத்துக்கு இரண்டு.

நீடித்த சிகிச்சையைப் பற்றிய மிக முக்கியமான செய்தி இனிச் சொல்வதே. கரப்பான் அடங்கியதும் மருந்தை முற்றும் நிறுத்திவிட்டுக் கிளம்பும்போது மீண்டும் தொடங்குவது பழைய வழக்கம். அதற்கு மாறாக, அடங்கிய பின்னும் வழக்கமாகக் கிளம்பும் இடங்களில் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் பூசிவருவது வேறொரு முறை. பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் குழுவினர் 2022-ம் ஆண்டில் இதைக் கணக்கிட்டார்கள். நோய் மீண்டும் கிளம்பியவர்கள் பழைய முறையில் நூற்றுக்கு 58 பேர். வாரம் இரு நாள் முறையில் நூற்றுக்கு 25 பேர். வலிய மருந்தை நாளுக்கு ஒரு தடவை பூசினாலே போதும், இரு தடவை பூசுவதால் அதிகப் பலன் இல்லை என்பதும் அதே கணக்கில் விளங்கியது. செலவின்றிக் கிடைத்த இந்த அறிவு விலையுயர்ந்த பல மருந்துகளுக்கு ஈடாகும்.

முகம், இமை, மடிப்பு ஆகிய இடங்களுக்கு ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு உண்டு. 1984-ம் ஆண்டில் ஜப்பானின் ட்ஸுகுபா மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுக்கப்பட்ட பொருள் இது. தோலை மெலியச் செய்வதில்லை. முதல் சில நாள் எரிச்சல் தரும். புற்றுநோய் வரலாம் என்ற ஐயம் முன்பு எழுந்தது. ஏறத்தாழ 8,000 குழந்தைகளை 10 ஆண்டு வரை கவனித்து 2020-ம் ஆண்டில் வெளியான ஆய்வில் அந்த ஐயம் உறுதிப்படவில்லை.

களிம்புக்கு அடங்காத நிலையில்

பசைக்களிம்பையும் ஸ்டீராய்டையும் முறைப்படி கையாண்டும் அடங்காதவர்களுக்கு மேற்படிகள் உள்ளன. குறுகிய அலைநீள எல்லைக்குள் அடங்கிய புற ஊதாக் கதிரை வாரம் 2 அல்லது 3 முறை காட்டுவது ஒன்று. மருந்து உண்ண வேண்டாம் என்பது இதன் நன்மை. ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி செல்லும் கூலி இழப்பு இதன் தீமை. வெயில் பட்டால் கரப்பான் அதிகரிக்கும் இயல்புள்ளவர்களுக்கு இது ஏற்றதன்று.

உள்ளுக்குக் கொடுக்கும் பழைய மருந்துகளுள் சைக்ளோஸ்போரின் விரைவில் பலன் தரும். ஆனால் சிறுநீரகத்தையும் இரத்த அழுத்தத்தையும் கவனிக்க வேண்டியிருப்பதால் நெடுங்காலம் கொடுப்பதில்லை. மெத்தோட்ரெக்ஸேட் மெதுவாக வேலை செய்யும். இவ்விரண்டையும் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 103 பிள்ளைகளிடம் ஒப்பிட்டு 2023-ம் ஆண்டில் வெளியிட்டார்கள். முதல் 12 வாரத்தில் சைக்ளோஸ்போரின் முந்தியது. மருந்தை நிறுத்திய பின் நோய் அடங்கியிருந்த காலம் மெத்தோட்ரெக்ஸேட்டுக்கே அதிகம். விரைவு வேறு, நிலைப்பு வேறு என்பதற்கு இது நல்ல உதாரணம். மெத்தோட்ரெக்ஸேட்டை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே உண்ண வேண்டும். தவறி நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து. கருத்தரிக்கும் எண்ணமுள்ளவர்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் தெரிவிக்க வேண்டும். மது அருந்துபவர்கள் மறைக்காமற் சொல்ல வேண்டும்.

பார்த்தீனியக் கரப்பானுக்கு அஸதயோபிரின் என்ற மருந்தை டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்து வைத்தியர்கள் ஆராய்ந்து பலன் கண்டிருக்கிறார்கள். இரத்த அணுக்களைக் குறைக்கக்கூடியது ஆகையால் இரத்தப் பரிசோதனை இன்றி உண்ணலாகாது.

ஸ்டீராய்டு மாத்திரையும் ஊசியும் மிக விரைவில் குணம் காட்டுவன. அதனாலேயே ஏமாற்றுவன. நிறுத்தியதும் நோய் பாய்ந்து வரும். தொடர்ந்தால் எலும்பு, கண், சர்க்கரை, இரத்த அழுத்தம் எல்லாம் கெடும். கடுஞ்சோதனையான வேளையில் சில நாளுக்கு அன்றி, நீடித்த சிகிச்சையில் இவற்றுக்கு இடமில்லை. எனினும் மாதக்கணக்கில் உண்டுவந்தவர்கள் தாமாகத் திடீரென நிறுத்திவிடக் கூடாது. வைத்தியர் சொற்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். அரிப்பு மாத்திரை என்று பெயர் பெற்றவற்றுள் சில உறக்கம் தரும். கரப்பானின் அரிப்பை அவை அதிகம் குறைப்பதில்லை. அவற்றை உண்டு விசைத்தறி முன் நிற்பது அபாயம்.

கடந்த சில ஆண்டுகளில் புதிய மருந்துகள் வந்துள்ளன. இன்டர்லூகின் 4, 13 ஆகியவற்றின் வேலையைத் தடுக்கும் டுப்பிலுமாப் ஊசி 2017-ம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வளர்ந்தவர்களுக்கு இதை வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போடுகிறார்கள். கண் சிவப்பது இதனால் வரும் முக்கியத் தொல்லை. உபடாசிட்டினிப், அப்ரோசிட்டினிப் ஆகிய மாத்திரைகள் 2022-ம் ஆண்டில் அங்கே அனுமதி பெற்றன. இவை அரிப்பைச் சில நாளிலேயே தணிப்பன. ஆனால் தொற்றுநோய், இரத்தக்கட்டு, இதயநோய் பற்றிய கடுமையான எச்சரிக்கை இவற்றுக்கு உண்டு. காசநோய் மறைந்திருக்கிறதா என்று முன்னரே பார்க்க வேண்டும். நாட்பட்ட கைக்கரப்பானுக்கென்றே டெல்கோசிட்டினிப் என்ற கிரீமுக்கு 2024-ம் ஆண்டில் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. புதிய மருந்துகள் நல்லவையே. எனினும் அவற்றின் விலை, கூலியை நம்பி வாழ்பவருக்கு எளிதன்று. இடையில் நிறுத்த நேர்ந்தால் நோய் திரும்பும் என்பதையும் முன்கூட்டியே எண்ணித் தீர்மானிக்க வேண்டும்.

கேள்விப்படும் மருந்தை எடைபோடுதல்

'இன்னாருக்கு இது கேட்டது' என்ற சொல்லே நம்மிடையே மருந்துக்குச் சான்றாக இருந்துவருகிறது. கரப்பான் தானே ஏறித் தானே இறங்கும் நோய். மிகவும் முற்றிய வேளையில்தான் புதிய மருந்தைத் தேடுகிறோம். அதன்பின் எதைப் பூசினாலும் சிறிது இறங்கவே செய்யும். ஆகவே ஒருவரின் அனுபவம் சான்றாகாது. மருந்து பெற்ற கூட்டத்தையும் பெறாத கூட்டத்தையும் ஒரே காலத்தில் ஒப்பிட்ட ஆய்வே சான்று. எந்த மருந்தைக் கேள்விப்பட்டாலும் ஐந்து கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒன்று: எதனோடு ஒப்பிட்டார்கள்?

இரண்டு: எத்தனை பேரிடம், எவ்வளவு காலம் பார்த்தார்கள்? 8 வார ஆய்வு 8 ஆண்டு உபயோகத்துக்குச் சான்றாகாது.

மூன்று: செலவு யாருடையது? 2,418 குழந்தைகளை 5 ஆண்டு கவனித்து, பிமெக்ரோலிமஸ் என்ற களிம்பும் மெல்லிய அல்லது நடுத்தர ஸ்டீராய்டும் பாதுகாப்பானவையே என்று 2015-ம் ஆண்டில் வெளியான ஆய்வு மதிப்புள்ளது. எனினும் அது அம்மருந்தைத் தயாரித்த கம்பெனியின் பணத்தால் நடந்தது என்பதையும் நினைவில் வைத்தே படிக்க வேண்டும்.

நான்கு: இதில் என்ன கலந்திருக்கிறது? லண்டனில் மூலிகைக் களிம்பு என்று கொடுக்கப்பட்ட 11 களிம்புகளைப் பரிசோதித்து 1999-ம் ஆண்டில் வெளியிட்டார்கள். அவற்றுள் 8-ல் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மறைந்திருந்தது. பெயரில்லாத டப்பியில் வரும் மருந்து அதிசயமாக வேலை செய்தால் மகிழ்ச்சி வேண்டாம், சந்தேகமே வேண்டும்.

ஐந்து: நிறுத்தினால் என்ன ஆகும்? தொடர்ந்தால் எந்தப் பரிசோதனை, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை?

இவற்றோடு ஒரு சிறு நோட்டுப் புத்தகமும் தேவை. பூசிய மருந்தின் பெயர், தேதி, அன்றைய அரிப்புக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பு, உறக்கம் கெட்டதா, அன்று தொட்ட சாயம் அல்லது செய்த வயல் வேலை ஆகியவற்றை ஒரு வரியில் எழுதிவந்தால், மூன்று மாதத்தில் உண்மை தானே தெரியும். வைத்தியருக்கு அதைவிடச் சிறந்த உதவி இல்லை.

சங்கமாகச் செய்யக்கூடியவை

தனியொருவர் செய்ய இயலாததைக் கூட்டுறவு செய்யும். சாயப் பட்டறைகளுக்கு வேண்டிய கையுறைகளைச் சங்கங்கள் மொத்தமாக வாங்கி அடக்க விலைக்குக் கொடுக்கலாம். ரப்பரில் கலக்கும் சில பொருள்களே ஒவ்வாமை தருவன ஆதலால் நைட்ரில் வகையை வாங்கி, உள்ளே மெல்லிய பருத்தி உறை அணியச் செய்வது நன்று. பருத்தி உறையை நெய்ய நம்மிடம் ஆள் இல்லாமற் போகவில்லை. சாயத் தொட்டியின் அருகில் நல்ல நீரும் மென்மையான சோப்பும் பசைக்களிம்பும் வைக்கலாம். பூக்குமுன்னரே பார்த்தீனியத்தைப் பிடுங்கும் வேலையைக் கிராமம் முழுவதும் ஒரே வாரத்தில் கையுறையோடும் முழுக்கைச் சட்டையோடும் செய்யலாம். ஏற்கெனவே கரப்பான் உள்ளவர்களை அவ்வேலையிலிருந்து விலக்கிவைக்க வேண்டும். கைக்கரப்பான் வந்தவருக்குச் சாயத் தொட்டிக்குப் பதிலாகச் சில வாரம் நூல் சுற்றும் வேலையைக் கொடுத்தால், அவர் கூலியும் குறையாது, கையும் ஆறும்.

தீராத நோய் என்ற சொல் பலரை மனம் தளரச் செய்கிறது. தீராதது என்றால் அடங்காதது என்று பொருள் இல்லை. நோயை நிச்சயித்தல், காரணத்தை விலக்குதல், நாள்தோறும் பசையூட்டுதல், கிளம்பும்போது தக்க மருந்தைத் தக்க அளவில் பூசுதல், அடங்கிய பின்னும் வாரம் இரு நாளை விடாதிருத்தல், இவற்றுக்கு அடங்காத போது தோல் வைத்தியரோடு கலந்து அடுத்த படிக்குச் செல்லுதல் என்னும் இந்த ஒழுங்கைக் கைக்கொள்பவர்களில் பெரும்பாலோர்க்கு, அதிக விலையுள்ள மருந்து தேவைப்படாமலே போகலாம். அங்கத்தினர்கள் தங்கள் கையையும் தங்கள் தறியைப் போலவே பாதுகாத்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.